தாழிட்ட நரம்புகள்

07.04.2063, காலை 08.30
திருக்கை நிலையம், கடலடி, 220 மீட்டர்

காற்று வடிகட்டிகள் மூன்றும் ஓடுகின்றன. வெப்பம் 29. ஹீலியம் அளவு சரி. பன்னிரண்டு நாளைக்கு மூச்சுக்காற்று இருக்கிறது. தேவை பத்து நாள்.

இன்று நால்வரும் மேலே போகிறார்கள். கஸ்பார், ரெமிஜியுஸ், சூசை, மில்டன். எல்லோரும் தூத்துக்குடிக்காரர்கள், சங்கு குளித்த குடும்பங்கள். மூன்று வாரம் இந்தக் கடலடி மலையில் கோபால்ட் பாறை வெட்டினார்கள். நான் இருந்து செல் வளர்ப்புத் தட்டுகளைப் பார்க்க வேண்டும்.

நிலைய விதிப்படி இந்தக் குறிப்பேடு எனக்குப் பின் வருபவருக்கு. அவருக்கு உயிரியல் தெரியாமல் இருக்கலாம். அதனால் கொஞ்சம் விளக்கம்.

தோல் செல்லிலும் நரம்பு செல்லிலும் இருப்பது ஒரே மரபணுத் தொகுப்புதான். எந்த மரபணு பேச வேண்டும், எது வாயை மூட வேண்டும் என்பதைச் சில புரதங்கள் முடிவு செய்கின்றன. அவை மரபணுவின் தலைமாட்டில் உட்கார்ந்து திறக்கும் அல்லது அடைக்கும். படியெடுப்புக் காரணி என்று பாடப்புத்தகத்தில் போட்டிருக்கும். அவற்றில் ஒன்று, தோல், ஈரல், எலும்பு என்று நரம்பல்லாத செல்களில் எல்லாம் உட்கார்ந்து நரம்பு மரபணுக்களைப் பூட்டி வைக்கிறது. நரம்பு செல் உருவாகும்போது மட்டும் அது விலகிக்கொள்கிறது. அதை நான் தாழ்ப்பாள் என்பேன்.

என் வேலை இது: வலியை உணரும் நரம்பு செல்லுக்குள் மட்டும், ஒரு வைரஸ் ஊசி வழியாக, அந்தத் தாழ்ப்பாளைத் திரும்பக் கொண்டுபோய் வைத்தேன். வலி மரபணுக்கள் மூடிக்கொள்ளும். தொடுகை தெரியும், சூடு தெரியும், வலி தெரியாது. திறப்பு மருந்து போட்டால் தாழ்ப்பாள் கரைந்து, ஒன்பது மணி நேரத்தில் வலி திரும்ப வரும்.

வெட்டும்போது தோள்பட்டை கிழியும், முட்டி வீங்கும். அதற்காகத்தான் தாழ். மேலே ஏறும்போது திறந்தாக வேண்டும். ஏறுவது ஒன்பது நாள் வேலை. கப்பலில் அழுத்த அறை ஒன்றே ஒன்று, நாலு படுக்கை. இங்கே ஊறிய அழுத்தத்திலேயே அவர்களை அதில் ஏற்றி, மெல்ல மெல்லக் குறைப்பார்கள். அவசரப்பட்டால் ரத்தத்தில் கரைந்த வாயு சோடாப் புட்டியைத் திறந்தது போலப் பொங்கும். மூட்டில் பொங்கினால் வலி. முதுகுத்தண்டில் பொங்கினால் கால் போகும். மூளையில் பொங்கினால் ஆள் போவான். யாராவது வலி என்றால் அறையை நிறுத்துவது விதி. வலிதான் மணி.

06.00க்கு நால்வருக்கும் திறப்பு மருந்து போட்டேன். அதே குப்பியிலிருந்து அதே நிமிடத்தில் அவரவர் தட்டுக்கும் ஒரு துளி. ஒவ்வொருவருடைய தோலிலிருந்தும் வளர்த்த நரம்பு செல் ஒரு தட்டு, மாற்றாத தோல் செல் ஒரு தட்டு. ஆளுக்கு ஊசி என்றால் தட்டுக்கும் ஊசி. என்னுடைய பழக்கம் இது. சென்னை ஆய்வகத்தில் கிண்டல் செய்வார்கள். வலி மரபணு திறந்தால் நரம்புத் தட்டு பச்சையாக ஒளிரும். தோல் தட்டு எப்போதும் இருட்டு.

08.00க்குத் தூக்குக் கூண்டு வந்தது. ரெமி கடைசியாக ஏறினான். இருபத்தைந்து வயது, வாய் ஓயாது. 10.00க்கு அறை கப்பலில் குறையத் தொடங்கும். அவர்கள் வெளியே வந்த பிறகுதான் அந்த அறை எனக்குக் காலியாகும். ஓர் அறை ஒரே நேரத்தில் இரண்டு அழுத்தத்தில் இருக்க முடியாது.

07.04.2063, மாலை 17.30

நாலு நரம்புத் தட்டும் இருட்டு.

15.00க்கே பச்சை வந்திருக்க வேண்டும். செல்கள் உயிரோடு இருக்கின்றன, சர்க்கரை தின்கின்றன. விளக்கை மாற்றிப் பார்த்தேன். வேறு கண்ணாடியில் பார்த்தேன். இருட்டு.

முதலில் என் கையைத்தான் சந்தேகப்படுகிறேன். இந்த ஆழத்தில் எல்லோருக்கும் விரல் கொஞ்சம் நடுங்கும். துளி தட்டில் விழாமல் விளிம்பில் விழுந்திருக்கலாம். ஆனால் நாலு தட்டிலுமா?

08.04.2063, காலை 07.00

இன்னும் இருட்டு. இருபத்தைந்து மணி நேரம்.

அறையின் ஆழக் காட்டி என் பலகையிலும் தெரியும். 182 என்கிறது. கணக்குப்படி 198 இருக்க வேண்டும். கப்பலைக் கேட்டேன். அறைப் பொறுப்பாளர் ஜெயசீலன் பதில் சொன்னார்.

கப்பல்: “டாக்டர், அறை எங்க வேலை. நீங்க தட்டைப் பாருங்க.”

தட்டைத்தான் பார்க்கிறேன்.

என் சொந்தக் குளிர்பெட்டியில் பழைய திறப்பு மருந்து ஒரு குப்பி இருக்கிறது. சென்னையில் நானே தயாரித்து நானே பெயர் ஒட்டியது. நிறுவனம் அனுப்பிய புதுக் குப்பிகள் வந்ததும் அதைத் தூக்கி எறியச் சொன்னார்கள். எறியவில்லை. கஸ்பாரின் நரம்பு செல்லை மூன்று புதுத் தட்டில் பிரித்தேன். ஒன்றுக்குப் பழைய மருந்து, ஒன்றுக்குப் புது மருந்து, ஒன்றுக்கு வெறும் உப்பு நீர். கூடவே தோல் தட்டு மூன்று. 07.30.

08.04.2063, மாலை 17.00. அறை ஆழம் 163

பழைய மருந்து: பச்சை. சரியாக ஒன்பது மணி நேரம். கண்ணாடிக்குள் கார்த்திகை விளக்கு வைத்தது போல.

புது மருந்து: இருட்டு. உப்பு நீர்: இருட்டு. தோல் மூன்றும் இருட்டு, அது அப்படித்தான் இருக்கும்.

புதுக் குப்பியில் ஒரு சொட்டை ஆவியாக்கிப் பார்த்தேன். கண்ணாடியில் மிஞ்சியது உப்பு. வேறெதுவும் இல்லை.

நால்வருக்கும் நான் உப்பு நீர் போட்டிருக்கிறேன். அவர்களுக்குத் தாழ் திறக்கவில்லை. ஒன்பது நாளில் ஏற வேண்டியவர்களை ஐந்து நாளில் ஏற்றுகிறார்கள். வலி வராது. வராததால் யாரும் நிறுத்தச் சொல்ல மாட்டார்கள்.

பேராசிரியர் தவசிக்கு எல்லாவற்றையும் எழுதி அனுப்பிவிட்டேன். படங்களோடு. அவர் பார்த்தால் நின்றுவிடும். அவர் என் ஆய்வு வழிகாட்டி, இந்தத் திட்டத்தின் தலைவர். உப்பளத்தில் உப்பை வாரிக் கொட்டியவரின் மகன். தூத்துக்குடிக்காரர். ஒரு ஆளின் கால் போவது என்றால் என்னவென்று அவருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

09.04.2063, காலை 09.00. அறை ஆழம் 134

பதில் வர பதினாறு மணி நேரம்.

தவசி: “செல்வி, படம் பாத்தேன். உன் தட்டுல ஏதோ தொத்து. புதுக் குப்பியை நானே சோதிச்சுதான் அனுப்பினேன். மூணு வாரமா அழுத்தத்துல இருக்கே, கை நடுக்கம்னு நீயே எழுதியிருக்கே. ரெஸ்ட் எடும்மா. பதற்றத்துல கப்பல்காரங்களைத் தொந்தரவு பண்ணாதே.”

ஆறு வருடம் அவரிடம் படித்தேன். தொற்று என்றால் மூன்று தட்டில் ஒன்று மட்டும் பச்சையாவது எப்படி என்று முதலாண்டு மாணவனிடம் கேட்பவர் அவர். என்னிடமே கேட்டிருக்கிறார்.

இந்தத் தாழ்ப்பாளை நான் முங்குபவர்களுக்காகச் செய்யவில்லை என்பதையும் எழுதி வைக்கிறேன். நான் சாத்தூர்ப் பக்கம். பட்டாசுக் கொட்டகை வெடித்தால் ஆஸ்பத்திரியில் தீக்காய வார்டு நிரம்பும். தினமும் காலையில் பழைய கட்டைப் பிரிப்பார்கள். அந்த அலறல் வெளி கேட் வரைக்கும் வரும். என் அம்மா கட்டுப் பிரிக்கும்போது நான் அந்தக் கேட்டுக்கு வெளியே நின்றேன், பதினோரு வயது. அந்த ஒரு மணி நேரத்துக்குத்தான் தாழ்ப்பாள். பத்து இடத்தில் விண்ணப்பம் போட்டோம். தீக்காய வார்டில் யாருக்கும் ஆர்வம் இல்லை. சுரங்கக் கப்பலுக்கு ஆர்வம் இருந்தது. முதலில் கப்பலில் நிரூபிப்போம், பிறகு வார்டுக்குப் போவோம் என்றார் தவசி. நம்பினேன். ஏழைக்கான மருந்தை ஏழை மேலேயே சோதிப்பதில் என்ன தப்பு என்றுகூட நினைத்தேன். எழுதும்போதே கூசுகிறது.

12.00க்குப் பத்து நிமிடம் நால்வரோடும் நான் பேசலாம். ஆய்வுக்காக ஒதுக்கியது. அதை இன்னும் யாரும் தடுக்கவில்லை.

09.04.2063, பகல் 12.20. அறை ஆழம் 128

பேசியதை ஒலிப்பதிவிலிருந்து அப்படியே எழுதுகிறேன். ஹீலியத்தில் எல்லோர் குரலும் வாத்துக் குரல். மூன்று வாரமாகக் காதுக்குப் பழகிவிட்டது.

நான்: “கஸ்பாரண்ணே, எங்கேயாவது வலிக்குதா?”

கஸ்பார்: “ஒரு வலியும் இல்ல டாக்டரம்மா. இப்பிடி சொகமா நான் ஏறினதே இல்ல. ஒம்பது நாளுன்னு சொல்லிட்டு அஞ்சு நாள்ல எறக்கி விடுதானுவ. மக கோயில்ல புதுநன்மை வாங்கும்போது நான் இருக்க மாட்டேன்னுல்லா நெனச்சேன்.”

ரெமி: “அண்ணன் இப்பவே கோட்டு தைக்க அளவு சொல்லிட்டாரு. தொந்திக்குத் தனி அளவு.”

நான்: “நாலு பேரும் கண்ணை மூடிட்டு ஒத்தக் கால்ல நில்லுங்க.”

ரெமி: “எதுக்கு, கொக்கு மாதிரி மீன் புடிக்கவா? டாக்டரம்மா, இங்க தண்ணிகூட கெடையாது.”

நான்: “நில்லு ரெமி.”

பிறகு ஏதோ விழுந்த சத்தம். சிரிப்பு. ரெமி சூசையின் மேல் விழுந்துவிட்டான்.

கஸ்பார்: “ஏல, எந்திரில. வெளாடாத.”

ரெமி: “எந்திரிக்கத்தாம்ணே பாக்கேன். இந்தக் காலு மரத்துட்டு. படுத்த படுக்கைல.”

நான்: “ரெமி, கடைசியா எப்ப ஒண்ணுக்குப் போனே?”

ரெமி: “நேத்து காலைல. வயிறு கல்லு மாதிரி இருக்கு. வரமாட்டேங்கு. நான் தண்ணி கம்மியா குடிச்சதுனாலன்னு…”

அவன் முதுகுத்தண்டில் வாயு ஏறிவிட்டது. இடுப்பில் ஊசி குத்துவது போல் வலித்து நேற்றே அவன் கத்தியிருக்க வேண்டும். என் தாழ்ப்பாள் அவன் வாயைப் பொத்தி வைத்திருக்கிறது.

சொன்னேன். குப்பியில் உப்பு நீர், தாழ் திறக்கவில்லை, ஐந்து நாள் ஏற்றம் கொல்லும், எல்லாம். என் கையாலேயே போட்டேன் என்பதையும் சொன்னேன்.

கஸ்பார்: “எங்க அப்பாவ இப்பிடித்தான் போட்டுல இருந்து தூக்கிட்டு வந்தாவ. கம்பை ஊனித்தான் செத்தாரு.”

நான்: “அண்ணே, இப்ப நீங்க ஒரு பொய் சொல்லணும். வலிக்குதுன்னு கப்பலுக்குச் சொல்லுங்க. ஒருத்தர் சொன்னாலே அறையை நிறுத்தியே ஆகணும். விதி.”

இது அவருக்கு எவ்வளவு கஷ்டம் என்று தெரியும். சங்குப் படகில் தோள் வலி என்று ஒருவன் சொன்னால் மறுநாள் படகு அவனை விட்டுவிட்டுப் போகும். வலித்தால் வாயைத் திறக்காமல் திரும்பவும் முங்குவார்கள். ஆழத்தில் வலி அடங்கும். அடங்கியதும் சங்கைப் பொறுக்கிக்கொண்டு ஏறுவார்கள், ஏறியதும் முன்னைவிட அதிகமாய் வலிக்கும், மறுபடி முங்குவார்கள். கஸ்பாருக்கு நாற்பத்தெட்டு வயது. வலி என்ற சொல்லைச் சொல்லாமலே இத்தனை வருடம் பிழைத்தவர்.

12.09க்கு, பதிவில்:

கஸ்பார்: “கப்பல், அறையில இருந்து கஸ்பார். எனக்கு வலிக்கி. தோள்ல. முட்டில. நிறுத்துங்க.”

சூசை: “எனக்கும் வலிக்கி.”

09.04.2063, பகல் 13.10. அறை ஆழம் 126

நிறுத்தவில்லை.

கப்பல்: “சிகிச்சை நெறிமுறை, பிரிவு பதினாலு. தாழ் இறங்கியிருக்கும்போது மூழ்குபவர் வலி பற்றிச் சொல்வதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளக் கூடாது. கையெழுத்து, டாக்டர் மாரிச்செல்வி. டாக்டர், உங்க பேப்பர்தான இது?”

என் பேப்பர்தான். என் கையெழுத்துதான். ஆனால் நான் எழுதிய பிரிவு பதினான்கு இது: தாழ் இறங்கியிருக்கும்போது வலி இல்லை என்று மூழ்குபவர் சொன்னால் நம்பக் கூடாது. வலிக்கிறது என்று சொன்னால் உடனே அறையை நிறுத்த வேண்டும். இரண்டு வாக்கியம். இரண்டாவதைக் காணோம், முதலாவதை மழுப்பியிருக்கிறார்கள். கடைசிப் பிரதியை தவசி சார் பார்த்துத் தருகிறேன் என்றார். நான் கடைசிப் பக்கத்தில் மட்டும் கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். அவர் என்பதால் திரும்பப் படிக்கவில்லை.

இன்னொன்றும் தெரிந்துவிட்டது. திறப்பு மருந்து நல்ல மருந்து என்றால் தாழ் இப்போது இறங்கியிருக்கக் கூடாது. பிரிவு பதினான்கே பொருந்தாது. அதை வாசித்துக் காட்டுகிறார்கள் என்றால் தாழ் இறங்கியே இருப்பது ஜெயசீலனுக்குத் தெரியும். எல்லோருக்கும் தெரியும். தெரியாதவள் நான் ஒருத்தி, அப்புறம் அந்த நாலு பேர்.

13.15. ரெமிக்காக அறையைப் பதினைந்து மீட்டர் திரும்ப இறக்கச் சொன்னேன். எண் குறைந்துகொண்டேதான் போகிறது.

13.18. அறையின் காற்று வெளியேறும் குழாய்க்கு உள்பக்கமும் ஒரு வால்வு உண்டு. தீ விபத்துக்காக வைத்தது. அதை உள்ளிருந்து அடைத்தால் கப்பலால் அழுத்தத்தைக் குறைக்க முடியாது. பொதுவான வழியிலேயே கத்தினேன், கப்பலும் கேட்கட்டும் என்று.

நான்: “கஸ்பாரண்ணே, படுக்கைக்கு மேல சிவப்புக் கைப்பிடி. வலப்பக்கம் கடைசி வரைக்கும் திருப்புங்க. யார் சொன்னாலும் திறக்காதீங்க.”

09.04.2063, மாலை 15.00. அறை ஆழம் 125

125.

125.

ஒன்றரை மணி நேரமாக அதே எண். எனக்கு இவ்வளவு அழகான எண் எதுவும் தெரியாது.

கப்பல் கத்துகிறது. ஒப்பந்த மீறல், ஒழுங்கு நடவடிக்கை, கறுப்புப் பட்டியல். கஸ்பார் ஒருமுறைதான் பதில் சொன்னார்.

கஸ்பார்: “அய்யா, வலிக்கின்னு சொன்னேம்லா. வலி போனதும் தெறக்கேன்.”

10.04.2063, காலை 07.00. அறை ஆழம் 125

நின்றது உதவுகிறது. ரெமி விடியற்காலை ஒண்ணுக்குப் போயிருக்கிறான். கொஞ்சம்தான். இடது கால் பெருவிரல் அசைகிறது. இப்படியே இரண்டு நாள் நிறுத்தி, பிறகு ஒன்பது நாள் கணக்கில் ஏற்றினால் நால்வரும் நடந்து வெளியே வருவார்கள். கணக்குப் போட்டு அனுப்பிவிட்டேன்.

ரெமி: “டாக்டரம்மா, வெரல் ஆடுது. அண்ணன் பாத்துட்டு ஜெபம் பண்ணுதாரு. என் காலப் பாத்து ஜெபம் பண்ணுன மொத ஆளு இவருதான்.”

என் காற்று அப்போது மட்டுமட்டுதான். பன்னிரண்டு நாளில் மூன்று போய்விட்டது. அவர்கள் வெளியே வர இன்னும் ஏழு நாளாவது ஆகும், பிறகு அறையை மறுபடி அழுத்தி எனக்குக் கூண்டு இறக்க ஒரு நாள். இருப்பது ஒன்பது. சுருக்கிச் சுவாசித்தால், ஒரு வடிகட்டியை நிறுத்தினால், போதும். போதும்.

இதை அவர்களுக்குச் சொல்லவில்லை.

10.04.2063, காலை 10.40. அறை ஆழம் 125

தவசி ஹெலிகாப்டரில் கப்பலுக்கு வந்துவிட்டார். தனி வழியில் என்னிடம் பேசினார்.

தவசி: “செல்வி, நான் சொல்றதைக் கேளு. போன தடவை வலி வலின்னு ரெண்டு தடவை அறையை நிறுத்தினாங்க. இன்னொரு தடவை நின்னா திட்டத்தையே மூடுவோம்னு கம்பெனில சொன்னாங்க. திட்டம் போனா உன் தீக்காய வார்டும் போச்சு. நாலு பேருக்கும் பெரும்பாலும் ஒண்ணும் ஆகாது. ஆயிரம் பேருக்கு நல்லது.”

நான்: “சார், குப்பியில உப்புத் தண்ணின்னு உங்களுக்குத் தெரியுமா?”

தவசி: “எல்லாத்தையும் எழுத்துல கேக்காதேம்மா.”

நான்: “நான் வாயாலதான் கேக்கேன்.”

வழி துண்டிக்கப்பட்டது.

பெரும்பாலும். இந்த ஒரு சொல்லை ஒரு ஆய்வுக் கட்டுரையில் எழுதியதற்காக என்னை மூன்று முறை திருத்தி எழுத வைத்தவர்.

எங்களில் ஒருவர் மேலே போனால் எங்களையும் தூக்கிவிடுவார் என்று நம்புகிறோம். அவர் மேலே போகிறார். அவர் கையில் ஏணி இருக்கிறது. அந்த ஏணிக்கு நாங்கள்தான் படி.

10.04.2063, பகல் 11.30. அறை ஆழம் 125

என் ஒலிவாங்கியை மேலிருந்து அடைத்துவிட்டார்கள். பச்சை விளக்கு எரிகிறது, ஆனால் யாரும் பதில் சொல்லவில்லை. நான் பேசுவது போகவில்லை. அவர்கள் பேசுவது எனக்குக் கேட்கிறது. மறந்து விட்டார்களா, கேட்கட்டும் என்று விட்டார்களா, தெரியவில்லை.

கேட்டதை எழுதுகிறேன்.

தவசி: “அண்ணே, நான் தவசி. நம்ம ஊருதான், உப்பளத்துப் பக்கம். அப்பா பேரு சொன்னா ஒங்களுக்குத் தெரியும், வெள்ளத்தொர.”

கஸ்பார்: “வெள்ளத்தொர மவனா! ஏ அய்யா. பெரிய ஆளாயிட்டிய.”

என்னோடு பேசும்போது அவரிடம் இந்தப் பேச்சு வந்ததே இல்லை. ஆறு வருடத்தில் ஒருமுறைகூட. பெட்டியில் மடித்து வைத்திருந்தது போல எடுத்து உடுத்திக்கொள்கிறார்.

தவசி: “அண்ணே, அந்தப் பிள்ளைய நெனச்சாத்தான் மனசு கேக்கல. கீழ தனியா கெடந்து அழுத்தத்துல தலை கலங்கிட்டு. கை நடுங்குதுன்னு அதுவே எழுதியிருக்கு. என்ன பேசுதோம்னு அதுக்கே தெரியல.”

கஸ்பார்: “காலைல நல்லாத்தான பேசுச்சு.”

தவசி: “ஆழத்துல தலை கலங்குனவன் எப்பிடிப் பேசுவான்னு ஒங்களுக்குத் தெரியாததாண்ணே? நல்லாப் பேசிக்கிட்டே மூச்சுத் தொப்பியக் கழட்டுவான். காலைல பேசுனதுக்குப் பொறவு பதிலே இல்ல. ஒங்க முன்னாலதான் கூப்பிடுதேன், பாருங்க. திருக்கை, திருக்கை. கேக்குதா?”

கத்தினேன். தொண்டை கிழியக் கத்தினேன். பச்சை விளக்கு எரிகிறது.

கஸ்பார்: “டாக்டரம்மா? டாக்டரம்மா, கஸ்பார் கூப்பிடுதேன். பேசுங்க தாயி.”

நிலையச் சுவரை இரும்புச் சாவியால் அடித்தேன். யாருக்குக் கேட்கும்? மேலே 220 மீட்டர் தண்ணீர்.

தவசி: “அத உயிரோட தூக்கணும்னா கூண்டு எறங்கணும். எறங்கணும்னா அறை காலியாகணும். நீங்க வால்வை அடைச்சு வச்சிருக்கிய. ஒவ்வொரு மணி நேரமும் அதோட காத்து கொறையுது. நான் ஒங்கள வற்புறுத்தல. ஒரு பொம்பளப் பிள்ள உசுரு. நீங்களே முடிவு பண்ணுங்க.”

அறையில் அவர்களுக்குள் பேச்சு. ரெமியின் குரல் மட்டும் தெளிவாகக் கேட்டது.

ரெமி: “அண்ணே, வெரல்தான் ஆடுதே. தெறங்க. நம்மளால அது சாகணுமா?”

10.04.2063, பகல் 12.15

124.

கஸ்பார் திறந்துவிட்டார்.

மிரட்டினார்கள், திறக்கவில்லை. வேலை போகும் என்றார்கள், திறக்கவில்லை. எனக்காகத் திறந்தார். அவருக்குள் எந்த மருந்தும் தாழிட முடியாத ஒன்று இருந்தது. அதைத் தேடிப் பிடித்து அதிலேயே சாவியைப் போட்டார் தவசி.

இதைக் கண்டெடுப்பவருக்கு: தட்டு எண் 1 முதல் 14 வரை குளிர்பெட்டியில் இருக்கின்றன. பழைய குப்பியும் புதுக் குப்பியும் சிவப்பு நாடா சுற்றி வைத்திருக்கிறேன். எந்தக் கல்லூரி மாணவியும் ஒரு நாளில் சோதிக்கலாம். எனக்குத் தலை கலங்கவில்லை. இன்று தேதி ஏப்ரல் பத்து. என் பெயர் மாரிச்செல்வி. அம்மா பெயர் பொன்னுத்தாய். ஒன்பதாம் வாய்ப்பாடு தலைகீழாகச் சொல்வேன். தொண்ணூறு, எண்பத்தொன்று, எழுபத்திரண்டு.

10.04.2063, மாலை 15.40. அறை ஆழம் 107

வேகத்தைக் கூட்டிவிட்டார்கள். மணிக்கு ஐந்து மீட்டர். இழந்த நேரத்தைப் பிடிக்கிறார்களாம். ஐந்து மீட்டரில் யாரையும் நான் கேள்விப்பட்டதில்லை. எலியைக்கூட ஏற்றியதில்லை.

ஒலிவாங்கிப் பெட்டியைக் கழற்றிப் பார்த்தேன். கம்பி சரியாக இருக்கிறது. அடைப்பு மேலே இருக்கிறது.

மில்டன் ஏதோ உளறுகிறான். சூசை அதட்டுகிறார்.

கப்பல்: “அறை, வலி நிலவரம்.”

சூசை: “வலி இல்ல. நாலு பேருக்கும் இல்ல.”

கப்பல்: “நன்றி. பதிஞ்சாச்சு.”

10.04.2063, மாலை 17.05. அறை ஆழம் 100

கஸ்பார் என்னைக் கூப்பிடுகிறார். பதில் வராது என்று தெரிந்தும் கூப்பிடுகிறார். நாக்கு குழறுகிறது அவருக்கு. அவருக்கே தெரியவில்லை.

கஸ்பார்: “டாக்டரம்மா, கேக்குதோ என்னமோ. பயப்படாதிய. நாங்க வெரசா மேல போயிருவோம். ஒங்களத் தூக்க ஆளு வரும். இங்க ஒரு கொறையும் இல்ல. வலி ஒண்ணும் இல்ல. ரெமி ஒறங்குதான். மத்தியானத்துல இருந்து நல்ல ஒறக்கம், அசையாம. பாவம், கெடக்கட்டும்னு நான் எழுப்பல.”

எழுப்புங்கள்.

99.

அண்ணே, எழுப்புங்கள். வால்வை அடையுங்கள், எழுப்புங்கள், அவனை

98

அண்ணே